முக்கால் ஓட்டம்

நம் வயதுக்காரர்கள் யாராவது சமீபத்தில் பிள்ளைகளின் விளையாட்டு அகாடமிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறீர்களா? போயிருந்தால் நான் சொல்ல வருவது உடனே புரியும். போகாதவர்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படியுங்கள்.

ஊரப்பாக்கத்தில் என் மகள் பேட்மின்டன் பழகும் இடத்தில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டையைத் தொடவே விடுவதில்லை. ஏசி அறையில் பாய் விரித்து உட்காரவைக்கிறார்கள். மனத்திறன் பயிற்சியாம். நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு. நாளைக்கு ஆடப்போகும் மேட்சை இன்றைக்கே கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் ஆடிப் பார். தோற்றால் உனக்கு நீயே என்ன சொல்லிக்கொள்வாய், அதை நோட்டில் எழுது. நடத்துகிற பெண் ஆலோசகருக்கு முப்பது வயதிருந்தால் அதிகம். குரலை உயர்த்தியே பேசுவதில்லை. நம் காலத்தில் விளையாட்டுக்கும் தாழ்ந்த குரலுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

போன மாதம் பெற்றோருக்கும் ஒரு வகுப்பு வைத்தார். ஆளுக்கொரு தாள் கொடுத்தார். முதல் கேள்வி: போட்டிக்கு முன் உங்கள் பிள்ளையிடம் வழக்கமாக என்ன சொல்வீர்கள்? பக்கத்து நாற்காலியில் இருந்த கூடுவாஞ்சேரிக்காரர், ஒரு பையனின் அப்பா, இரண்டு பக்கமும் எழுதித் தீர்த்துவிட்டு இன்னொரு தாள் கேட்டார். நான் பேனாவைக் கடித்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நிலையாக உட்கார முடியாத உபத்திரவம் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே உண்டு.

"என்ன மேம், ஒண்ணும் எழுதலையா?" என்றார் ஆலோசகர்.

"ஒண்ணும் சொல்றதில்லைம்மா."

"ரொம்ப நல்ல விஷயம் மேம்!"

பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். ஏன் ஒன்றும் சொல்வதில்லை என்று அவர் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லைதான். ஆனாலும் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் நான் நானூறு மீட்டர் ஓடுவேன். இதை நீங்கள் நம்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டை நான் இப்போது மூன்று தவணையில் ஏறுவதைப் பார்த்தவர்கள் நம்பவும் மாட்டார்கள். அப்போது ஓடினேன். அதற்கு முழுக் காரணம் என் ட்ராக் பேண்ட்.

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் ஜவுளிக்கடை. கடையின் பின்கட்டில் உட்கார்ந்திருந்த தையல்காரர், ஸ்கூல் யூனிபார்ம் வெட்டியதில் மிச்சம் விழுந்த நேவி ப்ளூ துணியை ஒட்டுப்போட்டு, இரண்டு பக்கமும் வெள்ளை நாடா வைத்து, எனக்கு ட்ராக் பேண்ட் தைத்துக் கொடுத்தார். அவருக்குக் கைவந்த ஒரே பேண்ட் பெல்பாட்டம். ஓடும்போது கணுக்காலில் இரண்டு கொடிகள் காற்றில் அடித்துக்கொள்வதுபோலப் படபடவென்று சத்தம் வரும். யாரோ பின்னால் துரத்திக்கொண்டு வருகிறார்கள் என்ற பிரமையிலேயே ஓடுவேன். இன்றைக்கு இதற்கெல்லாம் காதுக்குள் பாட்டு போட்டுக்கொள்கிறார்கள்.

பி.டி. சார் உயரம் கம்மி, குரல் ஜாஸ்தி. கேன்வாஸ் ஷூவுக்கு சாக்பீஸ் தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டு வருவார். இரண்டாவது பீரியடுக்குள் அது மைதானத்துப் புழுதி நிறத்துக்குத் திரும்பிவிடும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு ஸ்டாப் வாட்ச், சாவி கொடுக்கிற ரகம். யாரையும் தொட விடமாட்டார். விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே போகும்போது அவர் திட்டுவது நமக்குக் கேட்காது. விமானம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரமாட்டார், முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது: ட்ரயலில் முழுசாக ஓடக் கூடாது. பெரிய போட்டிக்கு முன்னால் அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ட்ரயல் ஓட்டம் வைப்பது அந்நாளில் வழக்கம். அங்கே மற்றப் பள்ளி மாஸ்டர்கள் பேண்ட் பைக்குள் வாட்சை ஒளித்துவைத்துக்கொண்டு நம் பிள்ளைகளின் நேரத்தைத் திருடுகிறார்கள் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

"முக்கா ஓட்டம் ஓடு. மிச்சம் காலை உள்ள பூட்டி வையி. ரியல்ல எடு. இன்னா, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

"நான் 'ஓடு ஓடு'ன்னு கத்தினாக்கூட நம்பாத. அவனுங்களுக்கோசரம் சும்மா கத்துவேன்."

இதை வாரம் மூன்று தடவை சொல்வார். வகுத்தல் கணக்கு மறந்தாலும் எனக்கு இது மறக்காது.

பிராக்டிஸில் நன்றாக ஓடுவேன். ட்ரயலில் முக்கால் ஓட்டத்திலேயே மற்றவர்களை மூச்சு வாங்க வைப்பேன். கோளாறு ரியலில்தான். எட்டாம் வகுப்பில் மண்டலப் போட்டி. "ஆன் யுவர் மார்க்" என்ற குரல் கேட்டதும் என் வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிந்தார்கள். துப்பாக்கி வெடித்தது. எல்லோரும் போய்விட்டார்கள். நான் குனிந்த நிலையிலேயே, எப்போது வெடிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அடுத்த போட்டியில் அந்தக் குறையைச் சரிசெய்ய நினைத்து, துப்பாக்கி வெடிக்கும் முன்பே இரண்டு தடவை ஓடிவிட்டேன். வெளியே அனுப்பினார்கள். ஒரு தடவை ஓடவே இல்லை, ஒரு தடவை கூடுதலாக ஓடிவிட்டேன். சராசரி எடுத்தால் சரியாகத்தான் இருந்தேன் என்று நான் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு வருஷம் தீபாவளிக்கு முன் மாவட்டத் தேர்வு என்று ஜூலையிலேயே தெரியும். முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்கு மதுரை போவார்கள். முதுகில் மாவட்டத்தின் பெயர் போட்ட ட்ராக் சூட், கடையில் வாங்கியது, ஒட்டுப்போட்டதல்ல. இரவு முழுக்க ரயில். நான் அதுவரை செங்கல்பட்டைத் தாண்டியதில்லை. தாம்பரத்தில் வீடு இருந்தால் இதுதான் சித்திரவதை. தெற்கே போகும் அத்தனை ரயிலும் நம் கண் முன்னால் நின்று, யார் யாரையோ ஏற்றிக்கொண்டு, நம்மை விட்டுவிட்டுப் போகும். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பொட்டலம் பிரிக்கிறவர்களை ஒவ்வொருவராக முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு தடவையாவது அந்த ஜன்னலில் நான் இருக்க வேண்டும், கேட்டில் யாராவது நின்று என்னை முறைக்க வேண்டும். எனக்கு மெடல்கூட வேண்டாம். அந்த ஜன்னல் வேண்டும்.

ஆகவே பெரியவர்கள் எனக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள்.

பி.டி. சாரின் வைத்தியம் மனசை மரக்கவைப்பது. என் வகுப்பை ஓடுபாதையின் இரண்டு பக்கமும் நிற்கவைத்து, நான் ஓடும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கத்தச் சொன்னார். வகுப்புக்கு அதைவிட மகிழ்ச்சியான பீரியட் வாய்த்ததில்லை.

"ஏய், இன்னாடி ஓடுறியா, ஊர்கோலம் போறியா?"

"பேண்ட்டப் புடிச்சிக்கோ, பறந்துடப் போது!"

"சார், அவ நின்னுகினு கீறா சார், கிரவுண்டுதான் சார் ஓடுது!"

கடைசியாகச் சொன்னவளுக்கு சாரே சிரித்துவிட்டார். எனக்கு மனசு மரத்ததோ இல்லையோ, எழுத்தில் நக்கல் செய்கிற புத்தி அங்கேதான் ஒட்டியது.

அம்மாவின் வைத்தியம், ஓதி ஊதிய தண்ணீர். ஒரு பாட்டில் நிறைய. சார் தம் பங்குக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபம் செய்த சிறிய எண்ணெய்க் குப்பியைக் கொடுத்தார், முழங்காலில் தடவச் சொல்லி. தலைமையாசிரியை கோயில் குங்குமத்தைத் தாளில் மடித்துக் கொடுத்தார். மூன்றும் என் பையில் ஒரே அறையில் சண்டையில்லாமல் குடியிருந்தன. நடுங்கிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். உனக்கு என்ன செய்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பயம் என்றால் நாய், பேய், கணக்கு டீச்சர். ஓடத் தெரிந்தவளுக்கு ஓட்டத்தில் என்ன பயம்?

கடைசி வைத்தியம் அத்தாவுடையது. அது நடந்தது கடையில், எனக்குத் தெரியாமல். என் மகள் பிறந்த பிறகு ஒரு நாள் அத்தாவே என்னிடம் சொன்னார். உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் ஓடும்போது நீங்களாவது பதற வேண்டும் அல்லவா?

யூனிபார்ம் துணி விஷயமாகக் கடைக்கு வந்த சாரை உட்காரவைத்து டீ வரவழைத்திருக்கிறார் அத்தா.

"சார், நான் பொடவை எப்படி விக்கிறேன் தெரியுமா?"

"சொல்லுங்க பாய்."

"மொதல்ல விலையச் சொல்லவே மாட்டேன். தோள்ல போட்டுப் பாருங்கம்மான்னுவேன். கண்ணாடியில ஒரு தடவை பாத்துட்டாங்கன்னா, அப்புறம் விலை ஒரு பொருட்டில்ல. எடுத்த எடுப்புல விலையச் சொன்னீங்கன்னா, பயந்து கையை எடுத்துடுவாங்க. இந்தப் பொண்ணுக்கு நாம மொதல்லயே விலையச் சொல்லிடறோம் சார்."

"அப்படின்னா?"

"செலக்‌ஷன்னு சொல்லாதீங்க. ட்ரயல்னு சொல்லுங்க. ரியல் தள்ளிப்போச்சு, தீபாவளி கழிச்சுன்னு சொல்லுங்க. ஓடி ஜெயிச்சப்புறம் விலையச் சொல்லிக்கலாம்."

சார் டீயை அப்படியே வைத்துவிட்டு அத்தாவைப் பார்த்தாராம். "பாய், நீங்க பி.டி. மாஸ்டர் ஆயிருக்க வேண்டிய ஆளு."

இன்றைக்கு யோசித்தாலும் அது முட்டாள்தனமான யோசனையாகத் தோன்றவில்லை. முடிவை நினைக்காதே, ஓட்டத்தை மட்டும் நினை என்று ஏசி அறையில் சொல்கிறார்களே, அதையேதான் அத்தா ஜவுளிக்கடை வழியாகச் சுற்றி வந்து சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு குறை. விலை தெரியாத வாடிக்கையாளர், "நல்லாருக்கு, அப்புறம் வரேன்" என்று புடவையை மடித்துவைத்துவிட்டும் போகலாம். இது அத்தாவுக்கு நினைவு வரவில்லை. ட்ரயலில் எப்படி ஓட வேண்டும் என்று தானே வாரம் மூன்று தடவை சொல்லிவந்தது சாருக்கும் நினைவு வரவில்லை. அடிக்கடி சொல்கிற வாக்கியம் சொல்கிறவர் காதில் விழுவதில்லை.

வகுப்பு முழுவதையும் சார் மிரட்டிவைத்தார். எவளாவது எவனாவது உண்மையைச் சொன்னால் பத்து ரவுண்டு. ஒருவர்கூடச் சொல்லவில்லை. எங்கள் வகுப்பு காத்த ஒரே ரகசியம்.

ஓட்டம் குரோம்பேட்டையில், ஒரு பள்ளி மைதானத்தில். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு கடையை விட்டுவிட்டு மகளின் ட்ரயலைப் பார்க்க வருகிறார் என்றால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தா கூட வருகிறாரே என்ற குஷியில் ரயிலில் கதவருகே நின்று பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

வாசலில் பெரிய பேனர். மாவட்ட விளையாட்டுத் தேர்வு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"சார், செலக்‌ஷன்னு போட்டிருக்கே?"

அத்தா முந்திக்கொண்டார். "பழைய பேனர். துணி வீணாவக் கூடாதுன்னு கட்டியிருக்காங்க. நல்ல காடா துணி பாரு."

துணி விஷயத்தில் அத்தா சொன்னால் மறுபேச்சு கிடையாது. மைக்கில் எதையோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழாய் ஸ்பீக்கரில் எல்லாமே வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது.

காலையில் ஹீட்ஸ், அதாவது முதல் சுற்று. வயிற்றில் ஈரத்துணி இல்லை, நடுக்கம் இல்லை. சுகமாக முக்கால் ஓட்டம் ஓடினேன். அதிலேயே முதலில் வந்தேன். தூரத்தில் அத்தாவும் சாரும் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள். ட்ரயலுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று நினைத்தேன்.

மதியம் ஃபைனல். என் பக்கத்துப் பாதையில் குரோம்பேட்டைப் பெண் ஒருத்தி. எங்கள் எட்டுப் பேரில் அவளிடம் மட்டும்தான் ஸ்பைக்ஸ் இருந்தது, அடியில் ஆணி வைத்த ஷூ. அவளுக்கு உதடு வெளுத்து, முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டம் எனக்குத் தெரிந்த ஆட்டம். பாவமாக இருந்தது.

"ஏன்பா நடுங்குறே? ட்ரயலுக்குப் போயி?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆங். ஒனக்கு ட்ரயலு. எனக்கு உசுரு. மூடிகினு நில்லு."

நல்ல போட்டி மனப்பான்மை என்று எண்ணிக்கொண்டேன்.

துப்பாக்கி வெடித்தது. என் வாழ்க்கையில் நான் எடுத்த ஆகச் சிறந்த ஸ்டார்ட் அதுதான். பேண்ட் படபடத்தது. முன்னூறாவது மீட்டரில் ஸ்பைக்ஸ் பெண்ணையும் தாண்டி முதலில் இருந்தேன். மூச்சு தாராளமாக மிச்சம் இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, நான் சட்டத்தை மீறிக்கொண்டிருக்கிறேன் என்று. கயிற்றுக்கு அப்பால் ஐந்தாறு மாஸ்டர்கள், எல்லோர் கையிலும் வாட்ச். ஒளித்துக்கூட வைக்கவில்லை. எவ்வளவு தைரியம்! காலைத் தளர்த்தினேன்.

"ஓடு! ஓடு! முழுசா ஓடு!" சார் உள்வட்டத்தில் என்னோடு கூடவே ஓடிவந்து கத்தினார். கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர். என்ன ஒரு நடிப்பு என்று வியந்தேன். அந்த நடிப்புக்கு மரியாதையாக இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். ஸ்பைக்ஸ் பெண் தாண்டிப் போனாள். இன்னொருத்தி போனாள். கயிற்றருகில் அத்தா இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார். கையசைக்கிறார் என்று நானும் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்தேன். அந்த இடைவெளியில் மூன்றாவது ஒருத்தியும் போனாள்.

கோட்டைத் தாண்டி நின்று, "கரெக்டா ஓடினேனா சார்?" என்றேன்.

சார் வாட்சைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு, "கரெக்டா ஓடினேம்மா," என்றார்.

திரும்பும்போது ஸ்டேஷன் வாசலில் அத்தா ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும். ரயிலில் அத்தாவும் சாரும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். "ரியல்ல பாருங்கத்தா, இந்த ஸ்பைக்ஸ் பொண்ணு எங்கே இருக்கான்னு தேடணும்," என்று நான் தாம்பரம் வரை அளந்துகொண்டே வந்தேன்.

உண்மையை அன்றே சொல்லிவிடுவதாகத்தான் அவர்கள் பேசிவைத்திருந்தார்களாம். இன்றைக்கு வேண்டாம் என்றாராம் சார். தீபாவளி போகட்டும் என்றாராம் அத்தா. தீபாவளி போனது. மழை வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஒரு நாள் தள்ளினால் மறுநாள் அது இரண்டு மடங்கு கனமாகிறது, உங்களுக்கே தெரியும். நான் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு மைதானத்தில் நின்றேன். சாரும் நின்றார், வாட்சோடு. நடந்து முடிந்துவிட்ட ஓட்டத்துக்கு நாங்கள் இருவரும் மும்முரமாகப் பயிற்சி செய்தோம்.

ஒரு நாள் காலை, பள்ளிக்குப் போக ஸ்டேஷன் மேம்பாலத்தில் நடந்துகொண்டிருந்தேன். தெற்கிலிருந்து வந்த ரயில் கீழே நின்றிருந்தது.

"ஏய், தாம்பரம்!"

ஸ்பைக்ஸ் பெண் படியேறி வந்துகொண்டிருந்தாள். குரோம்பேட்டைக்கு மின்சார ரயில் மாற வேண்டும் அவளுக்கு. தோளில் பை. புது ட்ராக் சூட். முதுகைக் காட்டாமலே எனக்குத் தெரிந்துவிட்டது, அங்கே என்ன எழுதியிருக்கும் என்று.

"எங்கேர்ந்து வரே?"

"மதுரை. ஸ்டேட் மீட் முடிச்சிகினு வரேன். ஆறாவது வந்தேன்."

"செலக்‌ஷனே இன்னும் நடக்கலியே?"

அவள் பையைக் கீழே வைத்தாள். "இன்னாடி ஒளர்றே? அன்னிக்கு நீயுந்தான ஓடினே? கடைசி வளைவுல என்னைத் தாண்டிகினு போனே. நான் அவ்ளோதான், காலின்னு நெனச்சேன். பாத்தா சிரிச்சிகினே கையாட்டிகினு நிக்கறே. எங்க மிஸ்ஸு சொன்னாங்க, அந்தப் பொண்ணுக்குத் திமிரு ஒடம்பெல்லாம் கீதுன்னு." என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குரல் இறங்கியது. "மெய்யாலுமே தெரியாதா ஒனக்கு?"

"தெரியும். சும்மா கேட்டேன்," என்றேன்.

அன்று பள்ளியில் என்ன நடத்தினார்கள் என்று தெரியாது. வீட்டில் எப்படிக் கத்துவது, சாரிடம் எப்படிக் கத்துவது என்று டெஸ்க்கின் கீழே காலை ஆட்டிக்கொண்டே வசனம் எழுதினேன். சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. சார் குடையின் கீழே வாட்சுக்குச் சாவி கொடுத்துக்கொண்டு நின்றார். எழுதி வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

"சார், ரியலுக்குத் தேதி வந்துச்சா சார்?"

"வரும்மா. மழையில கிரவுண்டு காயணுமில்ல."

மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும். சிறுமிகளின் குரூரத்தைப் பற்றி யாரும் சரியாக எழுதியதில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் முகம் ஒரு சுற்று சிறுத்தது, எனக்கு ஒரு சுற்று சுகமாக இருந்தது. நாலாம் நாள் நான் கேட்பதற்கு முன்பே அவர் பார்வையைத் தாழ்த்தித் தம் ஷூவைப் பார்த்தார். சாக்பீஸ் தேய்க்காமல் வந்திருந்தார். அன்றிலிருந்து கேட்பதை விட்டுவிட்டேன். ஓடுவதை மட்டும் விடவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மழைக்காலத்துக்குப் பிறகு எனக்கு எதையும் ரியல் என்று நம்ப வருவதில்லை. கல்லூரிப் பரீட்சை எழுதும்போது, இது மாதிரித் தேர்வாக இருக்குமோ என்று பேனா தயங்கும். நிக்காஹ் அன்று சம்மதமா என்று கேட்டார்கள். அசலைத் தீபாவளி கழித்து வைத்திருப்பார்களோ என்று ஒரு கணம் தோன்றியதால்தான் நான் பதில் சொல்லத் தாமதமானது. நாணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எதிலும் கால் பங்கை உள்ளே பூட்டிவைத்துவிட்டு, எப்போது எடுப்பது என்று தெரியாமல் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். ஆலோசகரிடம் சொன்னால் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார். என் மகளின் வகுப்பில் நான் எப்படிப் போய் உட்காருவது?

உண்மை தெரிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். அத்தா பட்டணம் போய்விட்டு வந்தார். கையில் அட்டைப் பெட்டி. பிரித்தால் ஸ்பைக்ஸ். கறுப்பில் மஞ்சள் கோடு. ஒவ்வொரு அடியிலும் ஆறு ஆணி, பளபளவென்று. புது ரப்பர் வாசனை கூடத்தை நிறைத்தது. தீபாவளி வியாபாரம் முடிந்து தமக்கென்று ஒரு சட்டைகூட எடுத்துக்கொள்ளாத மனிதர்.

"ரியல்ல இதைப் போட்டுக்கிட்டு ஓடு," என்றார் என் முகத்தைப் பார்க்காமல். தரையில் உட்கார்ந்து, தாமே ஷூவை மாட்டிவிட்டு, முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். "விரல் இடிக்குதா?"

இடித்தது.

"இல்லத்தா. கரெக்டா இருக்கு."

"போட்டுப் போட்டுத்தான் பழகும்," என்றார். பெட்டியை உடனே தூக்கிப் போடாமல், அதிலிருந்த மெல்லிய தாளை நாலாக மடித்து நீவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. மைதானத்துக்குப் போனால், சார் ஓடுபாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுவைத்திருந்தார். ஒரே ஒரு பாதை. சுற்றி நானூறு மீட்டருக்கும் தாமே குனிந்து போட்டிருக்கிறார் போலும், சட்டை முழங்கை வரைக்கும் வெள்ளை. நான் ஸ்பைக்ஸை மாட்டிக்கொண்டு கோட்டருகில் போய் நின்றேன். குனியவில்லை.

"சார், அன்னிக்கு நான் எத்தனாவது?"

"என்னிக்கு?"

"குரோம்பேட்டையில."

வாட்சுக்குச் சாவி கொடுக்கத் தொடங்கினார். அதற்கு மேல் திரும்பாது என்று சாவி நின்றுவிட்ட பிறகும் விரல் அதிலேயே இருந்தது.

"நாலாவது," என்றார்.

தலைக்கு மேல் விமானம் ஒன்று போனது. இரண்டு பேரும் அது போகும்வரை அண்ணாந்து பார்த்தோம்.

"எப்போலேர்ந்தும்மா தெரியும்?"

"ரெண்டு வாரமா சார். ஃபர்ஸ்ட் வந்த பொண்ணு சொன்னா."

"தெரிஞ்சுமா தெனம் வந்து ஓடினே?"

"நீங்க தெனம் வாட்ச் புடிச்சிக்கிட்டு நின்னீங்களே சார்."

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்தக் காலத்து பி.டி. மாஸ்டர்களின் பாடத்திட்டத்தில் அந்தச் சொல் கிடையாது. "நானே பாய்கிட்ட போய் ஒனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லிடறேம்மா," என்றார்.

"வேணாம் சார். அத்தாவுக்குத் தெரிய வேணாம். ஷூ வாங்கிட்டு வந்திருக்காரு."

சார் அப்போதுதான் என் காலைப் பார்த்தார்.

"அப்போ நான் எத்தினி நாளைக்கும்மா இப்படி வாட்ச் புடிச்சிகினு நிக்கிறது?"

"ஷூ தேயற வரைக்கும் சார்."

அவர் குந்தி உட்கார்ந்தார். என் ஒரு காலைத் தூக்கச் சொல்லி, பாதத்தைத் திருப்பி, ஆறு ஆணியையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல ஷூம்மா இது," என்றார். "லேசுல தேயாது."

எழுந்து, விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.